காணாமற்போன திருகும் கண்டடையும் அளவைகளும்: மல்ட்டிமீட்டரின் முதுகுமூடியை முன்வைத்து

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மல்ட்டிமீட்டரின் முதுகில் ஒரு மூடி உண்டு. உள்ளே பேட்டரி. மூடியை ஒரு திருகோ இரண்டு திருகோ பிடித்திருக்கும். அவற்றுள் ஒன்று தொலைந்தால் அதே போன்ற இன்னொன்றை எங்கே, எப்படி, யாரிடம் பெறுவது என்பதே இவ்வாய்வின் பொருள். பேட்டரி மாற்றும்போது திருகைச் சோபாவின் கைப்பிடியில் வைத்தவர் யார், அதன்மேல் துண்டைப் போட்டவர் யார் என்பன ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. குடும்ப அமைதி கருதி அவை விடப்பட்டன.

இத்துறை எவ்வளவு புறக்கணிக்கப்பட்டது என்பதை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். ஏறத்தாழ இதே பருமனுள்ள தோட்டுத் திருகாணி தொலைந்தால் வீடே குப்புறப் படுக்கும். பெருக்கிய குப்பையை முறத்தில் போட்டுப் புடைப்பார்கள். குளியலறைச் சாக்கடையின் வாயைத் துணியால் அடைப்பார்கள். கிடைக்காவிட்டாலும் மோசமில்லை; நகைக்கடையில் திருகாணி தனியாகவே கிடைக்கும், ஆசாரி மரை பார்த்துப் பொருத்தித் தருவார். மீட்டர் திருகு தொலைந்தாலோ, “ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்குங்க” என்று அடுப்படியிலிருந்தே தீர்ப்பு வந்துவிடுகிறது. மேல்முறையீடு இல்லை.

2. முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னாய்வு எதுவும் இல்லை என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. தேடிப் பார்க்காதவர்கள்தாம் அதை அவ்வளவு துணிச்சலாக எழுதுகிறார்கள். நாம் தேடிவிட்டு எழுதுகிறோம்.

ஆர்க்கிமிடீஸ்: திருகை வைத்துத் தண்ணீர் இறைத்தவர் என்பர். பேட்டரி மூடி பற்றி மௌனம்.

டொனால்ட் மெக்காடி: பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர். பழுது பார்க்கப் போகும்போதெல்லாம் பல கருவிகளைச் சுமந்து சலித்தவர். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒன்றே அளக்கட்டும் என்று அவர் வடிவமைத்த ‘ஆவோமீட்டர்’ 1923-இல் வந்தது. மூன்று கருவியின் பாரத்தை ஒன்றில் அடக்கியவர், மூன்று கருவியின் திருகுக் கவலையையும் அதே பெட்டியில் அடக்கிவிட்டார் என்பது நம் துணிபு.

விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி: ஆயிரம் ஆண்டுகளில் வந்த கருவிகளில் சிறந்தது எது என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டதற்கு விடை தேடக் கிளம்பித் திருப்புளியில் போய் நின்றவர். 2000-இல் ‘ஒன் குட் டர்ன்’ என்று திருகுக்கும் திருப்புளிக்குமாக முழுப் புத்தகமே எழுதினார். கவசம் வருகிறது, துப்பாக்கி வருகிறது, கடைசல் இயந்திரம் வருகிறது. எழுதியவர் கட்டடக்கலைப் பேராசிரியர். தம் துறையில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதியதால்தான் படிக்கும்படி எழுதியிருக்கிறார் என்று கருத இடமுண்டு.

நம்மூர்க் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளையும் புரட்டினோம். பதிவுக் கட்டணம் கட்டினால் எந்தப் பொருளிலும் கட்டுரை வரும். வந்த கட்டுரைக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணும் வரும், மதியச் சாப்பாடும் வரும். அப்படியிருந்தும் திருகு வரவில்லை. ‘சங்க இலக்கியத்தில்’ என்று தொடங்க முடியாத தலைப்பு என்பது காரணமாகலாம்.

3. திருகின் வகைமை

கழன்றதும் கழலா ததுவும் கழன்றபின்
காணா ததுமென மூவகைத் திருகே.

இந்நூற்பா நாமே இயற்றியது. கரையான் அரித்த ஏட்டில் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் மதிப்புக் கூடியிருக்கும். ஒரு பதிப்பும் இரண்டு மறுப்பு நூலும் வந்திருக்கும். ‘திருகே’ என்பதில் ஏகாரம் ஈற்றசை. அதற்கும் வேலை இல்லை. மூடியில் இரண்டாவது திருகு போல இருக்கிறது.

கழன்றது: சட்டைப்பையில் இருப்பது. கழலாதது: தலைத் தடம் தேய்ந்து எந்தத் திருப்புளிக்கும் அடங்காதது. காணாதது: இக்கட்டுரை.

இனி மரை. இங்கேதான் உலகம் 180 ஆண்டுக்கும் மேலாகச் சிக்கலைத் தீர்த்துத் தீர்த்துப் பெரிதாக்கி வைத்திருக்கிறது. ஊருக்கு ஒரு மரை, பட்டறைக்கு ஒரு மரை என்று கிடந்ததைப் பார்த்து, 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துக்கெல்லாம் ஒரே மரை வகுத்தார்: பற்கோணம் 55 பாகை. 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 55 பாகை வெட்டுவது கடினம், 60 என்றால் எளிது என்று அமெரிக்காவுக்கெல்லாம் ஒரே மரை வகுத்தார். ஆக, ஒரே மரை இரண்டு ஆனது. இவை நுண்கருவிக்குப் பெரிது என்று கண்ட பிரிட்டிஷ் அசோசியேஷன், சுவிட்சர்லாந்தின் மரையை முன்மாதிரியாகக் கொண்டு 1884-இல் ‘பி.ஏ.’ மரையை முன்வைத்தது: பற்கோணம் 47.5 பாகை. அதற்குப் பெயர் பிரிட்டிஷ், அளவு மில்லிமீட்டர். பூஜ்ய எண் திருகில் மரையிடை 1 மி.மீ.; அடுத்தடுத்த எண்ணில் ஒவ்வொன்றும் முந்தியதில் பத்தில் ஒன்பது பங்கு. எண் ஏற ஏறத் திருகு சிறுக்கும். பழைய ஆவோமீட்டரைத் திறப்பவர் சந்திப்பது இந்தக் குடும்பத்தைத்தான். இவற்றுக்கெல்லாம் முடிவு கட்ட வந்தது மெட்ரிக் மரை. முடிவு கட்ட வந்தவர் வரிசையில் அதுவும் போய் நின்றுகொண்டது.

விளைவை நேரில் காண்க. 6 பி.ஏ. திருகின் குறுக்களவு 2.8 மி.மீ., மரையிடை 0.53. அமெரிக்க 4-40 திருகின் குறுக்களவு 2.84, மரையிடை 0.635. மெட்ரிக் எம்3 திருகின் குறுக்களவு 3, மரையிடை 0.5. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உடன்பிறந்தார். துளைக்குள் விட்டால் பங்காளிகள். தவறான திருகு முதல் சுற்றில் சிரித்துக்கொண்டே உள்ளே போகும், அடுத்த சுற்றில் இறுகும், ‘இன்னும் ஒரு பிடி’ என்று திருகினால் துளையின் மரையைச் சீவிவிடும். அதன்பின் மரை கழன்றது மீட்டருக்கா திருகியவருக்கா என்பது மருத்துவர்கள் முடிவு செய்ய வேண்டியது.

நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கான அளவைச் சட்டம் 1956-இல் வந்தது. மெட்ரிக் மரைக்கு ஐ.எஸ். 4218 என்ற இந்தியத் தரமும் உண்டு. ஹார்டுவேர் கடையில் மரத்திருகு இன்றும் ‘அரை இஞ்சு, ஆறாம் நம்பர்’தான் (கடைக்காரர், வாய்மொழி).

இத்தனை மரைக்கும் வெளியே நிற்பது ஒன்று உண்டு: தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும் திருகு. மஞ்சள் நிற டி.டி. 830 போன்ற மலிவான மீட்டர்களில் இருப்பது இதுவே. பிளாஸ்டிக்கில் வெறும் குழி, மரை கிடையாது, முதல்முறை உள்ளே போகும் திருகு எப்படிப் போனதோ அதுவே மரை. விலை கூடிய மீட்டர்களில் குழிக்குள் பித்தளைக் குழல் பதித்திருக்கும். டார்ச் அடித்தால் மஞ்சளாக மின்னும். மின்னினால் மெட்ரிக் திருகைத் தேடலாம், மின்னாவிட்டால் தன்வெட்டித் திருகைத் தேடலாம். இந்த ஒரு சோதனையால் பாதி ஆய்வு முடிந்துவிடும். ஆகவே இதை யாரும் முதல் அத்தியாயத்தில் சொல்வதில்லை. ஃப்ளூக் 87-இன் ஐந்தாம் பதிப்பில் கால் சுற்றுத் திருப்பினாலே மூடி கழன்றுவிடும். மரை பற்றிய விசாரமே இல்லை. அத்தகைய மீட்டர் வைத்திருப்போர் இக்கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை.

தலை: நம்மூரில் ‘ஸ்டார்’ எனப்படுவது 1936-இல் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றுக் கெடிலாக் காருக்குள் புகுத்தியது. அதே போலிருந்து தலையில் ஒரு புள்ளி இருந்தால் ஜப்பான். குறுக்கே நான்கு மெல்லிய கோடு கூடுதலாக இருந்தால் போசிடிரைவ். புள்ளியும் கோடும் கண்ணுக்குத் தெரியும் வயதில் எவரும் மீட்டர் வாங்குவதில்லை.

4. அறியும் அளவைகள்

தொலைந்தது எத்தகையது என்று அறிந்தால்தான் மாற்று வாங்க முடியும். கையில் இல்லாததை அறிவது எப்படி? வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறியப் போன மணிமேகலைக்கு, அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துச் சொல்கிறான். அவன் சொல்வதெல்லாம் திருகு தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டவனுக்குச் சொன்னது போலவே இருக்கிறது என்பது நம் கண்டுபிடிப்பு. இதற்கு முன் எவரும் சுட்டாதது. சுட்டியிருந்தால், நாம் மேற்கோள் காட்ட விரும்பாதது.

காண்டல். கடைக்காரர்கள் ஏற்கும் ஒரே அளவை இதுதான். களத்தில் பதிவானது பின்வருமாறு:

“அண்ணே, மீட்டர் பின்னாடி மூடிக்குப் போடற ஸ்க்ரூ ஒண்ணு வேணும்.”

“சாம்பிள் கொண்டாந்தீங்களா?”

“அதுதாண்ணே தொலைஞ்சுபோச்சு.”

“சாம்பிள் இல்லாம எப்படி சார் எடுக்கறது?” (கடைக்காரர், வாய்மொழி, கல்லாவிலிருந்து தலை நிமிராமல்.)

இந்த நான்கு வரிக்கு உரை எழுதப் புகுந்தால் ஆயுள் போதாது. திருகு கையில் இருந்தால் கடைக்குப் போக வேண்டியதில்லை. இல்லாவிட்டால் கடைக்குப் போய்ப் பயனில்லை. இம்முடிச்சை அவிழ்க்க மூன்று கட்சியார் முயன்றிருக்கின்றனர்.

முதற்கட்சியார் மீட்டரையே கொண்டுபோவர். கடைக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, குமிழைக் ‘கடக் கடக்’ என்று ஒரு சுற்றுச் சுற்றி, “நல்ல மீட்டராச்சே, என்ன விலைக்கு வாங்கினீங்க?” என்று கேட்டுத் திருப்பித் தந்துவிடுவார். துளையைப் பார்க்க மாட்டார். துளை சரக்கு ஆகாது.

இரண்டாங்கட்சியார், மூடியில் மிஞ்சியிருக்கும் இணைத்திருகைக் கழற்றிக்கொண்டு போவர். அறிவுடைய வழியாகவே தோன்றும். ஆனால் கடைப்பையன் அதை வாங்கி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திருகுகள் நிறைந்த தட்டிலேயே போடுகிறான். போட்ட கணத்தில் எது சாம்பிள், எது சரக்கு என்பது அவனுக்கும் தெரியாது, திருகுக்கும் தெரியாது. ஐந்தாறைப் பொறுக்கி நீட்டி, “இதுல உங்களது எதுன்னு பாருங்க” என்கிறான். கடைசியில் இரண்டைக் காகிதத்தில் மடித்து வாங்கி வருகிறோம். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மூடியில் போட்டால் இரண்டுமே பொருந்தவில்லை. அதாவது ஒப்புமை முற்றிலும் வெற்றி; ஒப்பிடப்பட்ட பொருள்தான் கடையிலேயே தங்கிவிட்டது. ஒரு பாடலின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு மூலபாடத்தைத் தொலைத்த பதிப்புகள் நம்மிடம் உண்டு. அவற்றுக்கு முன்னுரை எழுதியவர்கள் இந்தப் பையனைவிட மூத்தவர்கள்.

மூன்றாங்கட்சியார் கடைக்கே போகமாட்டார். அவர்கள் ரப்பர் பேண்ட் சமயத்தினர்.

கருதல். துளையைக் கொண்டு திருகை உய்த்துணர்தல். தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு முனையை லேசாகச் சீவித் துளைக்குள் திருகி எடுத்தால், மெத்தென்ற மரத்தில் மரையின் தடம் பதிந்திருக்கும். எவ்வளவு தூரம் உள்ளே போனது என்பதே நீளத்தின் எல்லை. எண்ணூறு ரூபாய் வெர்னியர் காலிப்பர் சொல்லாததைத் தீப்பெட்டி சொல்லும். ஆயினும் ‘தீக்குச்சி முறை’ என்றால் எந்த நெறியாளரும் கையெழுத்திட மாட்டார் என்பதால் இதனை ‘மரத்தண்டுப் பதிவாக்க உத்தி’ என்று வழங்குவோம்.

உவமம். “லேப்டாப் ஸ்க்ரூ மாதிரி இருக்கும்ணே, ஆனா கொஞ்சம் தடி.” ஆ போலும் ஆமா என்பது போல. கேட்டவர் ஆவைத் தந்துவிடுவார்.

ஆகமம். மீட்டரோடு வந்த கையேடு. மூடி திறந்திருக்கையில் அளக்காதே என்கிறது. ஃப்யூஸ் மாற்றினால் இன்ன அளவே போடு என்கிறது. திருகின் அளவை மட்டும் சொல்லவில்லை. ஆகமங்கள் அப்படித்தான், கோபுரத்துக்கு அளவு சொல்லும், செருப்பு தொலைந்தால் வழி சொல்லாது.

அருத்தாபத்தி. கங்கையில் ஆயர் குடியிருப்பு உண்டு என்றால் ஆற்றுக்குள் அன்று, கரையில் என்று கொள்க என்பது அளவைவாதி தரும் எடுத்துக்காட்டு. அவ்வாறே, “ரிச்சி தெருவுல கிடைக்கும்” என்றால் ரிச்சி தெருவில் அன்று. நரசிங்கபுரம் தெருவிலோ மீரான் சாகிப் தெருவிலோ, அல்லது இரண்டுக்கும் நடுவில் பைக் நிறுத்தி அடைத்த சந்திலோ என்று கொள்க. மவுண்ட் ரோட்டுக்கு அருகே இருக்கும் அந்த மொத்தச் சந்தைக்கும் ஒரு தெருவின் பெயரை வைத்த சென்னைவாசி, தருக்கம் படித்தவன்.

இயல்பு. யானைமேல் இருப்பவன் தோட்டியைக் கேட்டால் வேறொன்றைத் தராமல் தோட்டியையே தருவது. ஸ்டூல்மேல் நிற்பவன் ஸ்டார் திருப்புளியைக் கேட்டால் டெஸ்டரைத் தருவது இதற்கு விதிவிலக்கு. இம்மரபு பரவலாகக் காணப்படுகிறது (நேரடிக் கள அனுபவம், மின்விசிறியின் அடியில், இரு கையும் மேலே தூக்கிய நிலை, தகவலாளி வயது பத்து, பார்வை முழுதும் டி.வி.யில்).

ஐதிகம். மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை ஏற்பது. “பாரிஸ்ல ஒரு கடை இருக்கு, அங்க கிடைக்காத ஸ்க்ரூவே கிடையாது” என்பதும் அஃதே. சொன்னவர் போனதில்லை.

அபாவம். இன்மையும் ஓர் அளவை. இதனை விரித்துரைத்தல் இன்றியமையாதது; ஏனெனில் களஆய்வில் நமக்கு மிகுதியாகக் கிடைத்தது இதுதான். தருக்க நூலார் இன்மையை நான்காகப் பகுப்பர். அவர்கள் குடத்தை வைத்தும் துணியை வைத்தும் அரும்பாடுபட்டு விளக்கிய நான்கையும், கடைவீதியில் ஒரு நடை போனால் நான்கு வாக்கியத்தில் கேட்டுவிடலாம்.

“இன்னும் வரல சார்.” பொருள் தோன்றுமுன் உள்ள இன்மை, முன்னின்மை. குடம் வனையப்படுமுன் களிமண்ணில் இல்லாதிருப்பது போல, லாரி வருமுன் கடையில் இல்லாதிருப்பது.

“இப்பத்தான் தீந்துச்சு.” அழிவின்மை. குடம் உடைந்தபின் உள்ளது. இவ்வின்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவில்லை என்பர் நூலார். கடைக்காரரும் முடிவு சொல்லவில்லை.

“அதெல்லாம் வராது சார்.” முழுதும் இன்மை. முக்காலத்திலும் இல்லாதது. முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, தனி ஸ்க்ரூ.

“இது இருக்கு. அது இல்ல.” ஒன்றினொன்று இன்மை. குடம் துணி அன்று. துணி குடம் அன்று. எம்2.5 எம்3 அன்று. இதைச் சொல்லும்போது கடைக்காரர் வேறொரு திருகை எடுத்து நம் முன் வைக்கிறார். “அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்கிறார். இல்லாத ஒன்றை இருக்கும் ஒன்றால் அட்ஜஸ்ட் பண்ணலாமா என்பதில் நையாயிகர்க்கும் கடைக்காரர்க்கும் உடன்பாடில்லை. விற்பனை நடந்தது கடைக்காரர் பக்கம். (கடைக்காரர், வாய்மொழி, ஒரு காதில் போன், மறு காதில் நாம், வலக்கையில் தேநீர்க் கண்ணாடித் தம்ளர், இடக்கையால் திருகுத் தட்டைத் துழாவியது, பதிவு பிற்பகல், மின்தடை நேரம், ஜெனரேட்டர் ஒலியில் ஒரு சொல் சிதைந்தது. அச்சொல் ‘இல்லை’ என்று ஊகிக்கப்படுகிறது.)

மீட்சி. இராமன் வென்றான் எனில் இராவணன் தோற்றான் என்று அறிவது. ஒற்றைத் திருகு கேட்டவர் நூறு திருகுப் பாக்கெட்டோடு வெளியே வருகிறார் எனில், வென்றவர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

உண்டாம் நெறி. இரும்பின் அசைவைக் கண்டு காந்தம் உண்டென்று தெளிவது. பத்தில் வேலைக்கு ஆகும் அளவை இதுவே, தலைகீழாகப் போட்டால். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிப் பீரோவின் அடியில் இழுத்தால் இரும்புத் திருகு வந்து ஒட்டும். பித்தளை வராது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெரும்பாலும் வராது. விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால், சிறு திருகும் நீள நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

பீரோவின் அடிவரை அது எப்படிப் போகிறது? தலை பருத்து நுனி சிறுத்ததால் திருகு நேரே உருளாது, வட்டமிடும். தலையின் குறுக்களவு 5.5 மி.மீ., நுனி 3 மி.மீ., நீளம் 10 மி.மீ. எனில் அந்த வட்டத்தின் ஆரம் 22 மி.மீ. அதாவது, விழுந்த திருகு ஒரு ரூபாய்க் காசைச் சுற்றி ஊர்வலம் போய் விழுந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். கொள்கைப்படி எந்தத் திருகும் தொலைய முடியாது. தொலைகிறதே என்று கேட்பவர்க்கு, அது துள்ளியதால் வந்த பிழை, கணிதம் சரிதான் என்று விடை கூறுக.

5. மாற்று உபாயங்கள்

ரப்பர் பேண்ட்: கோடையில் உருகி ஒட்டும், பின் அறும். செலோ டேப்: பிசினைத் தவிர எல்லாம் கழன்றுவிடும். ஆணி: இல்லை.

இவற்றை எள்ளி விடலாம். ஆனால் ஓரிடத்தில் எள்ளல் ஆகாது. மீட்டரின் முகத்தில் ‘கேட் 2’, ‘கேட் 3’ என்று அச்சிட்டிருப்பது அழகுக்கன்று. ப்ளக் பாயின்ட்டில் செருகும் சாமான்கள் கேட் 2. வீட்டின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு கேட் 3. வெளியிலிருந்து வரும் சர்வீஸ் லைன் கேட் 4. ஐ.இ.சி. 61010 என்னும் பாதுகாப்புத் தரத்தின் இந்தச் சான்று, மூடியோடு கூடிய முழு உடம்புக்குத்தான். மூடி வாய் பிளந்து நிற்க ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு 230 வோல்ட்டைத் தொடுகிறவருக்குச் சான்று எதுவும் இல்லை.

அதைவிடக் கெட்டது நீளத் திருகு. ‘கொஞ்சம் நீளம்தான், இறுகுதே’ என்று போட்டால் நுனி உள்ளே சர்க்யூட் போர்டைத் தொடலாம். தலை வெளியே நம் விரலைத் தொடும். நடுவில் இருப்பது நல்ல கடத்தி. திருகின் தலை குழிக்குள் ஆழமாகப் புதைந்திருப்பது நம்மை எரிச்சலூட்ட அன்று, விரல் எட்டாதிருக்க. ஆகவே நீளத்தில் குறைந்தாலும் குறையலாம், கூடலாகாது.

6. களஆய்வு

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில், படியின் சரிவுக்கேற்பக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் ஒருவர் நம் தகவலாளி. சாம்பிள் கேட்காத ஒரே மனிதர். மீட்டரை வாங்கினார். மூடியைத் திறந்து கட்டைவிரலால் துளையின் விளிம்பைத் தடவினார். பலகைக்கு அடியிலிருந்து ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்து, விரித்த செய்தித்தாளின்மேல் கவிழ்த்தார்.

கொட்டியவை: திருகுகள், வாஷர்கள், டிரான்சிஸ்டர் ரேடியோவின் குமிழ் ஒன்று, ஸ்ப்ரிங், காலொடிந்த டயோடு, ஒரு பிளாஸ்டிக் பொத்தான். வகைமை இல்லை, அகரவரிசை இல்லை, பொருளடைவு இல்லை. (பால் பவுடர் டப்பா, ஒரு கிலோ, மூடியற்றது, வெளிப்புறம் துரு, உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கு, மேற்படலம் செல்போன் காலம், நடுப்படலம் டேப்ரெக்கார்டர் காலம், அடிப்படலம் வால்வு ரேடியோ காலம் என அகழாய்வு முறையில் பகுக்கலாம், ஆனால் நாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதே டப்பா ஒருமுறை குலுக்கப்பட்டதால் காலவரிசை என்றென்றைக்குமாகக் குலைந்தது. இக்குலைவுக்கு முந்தைய நிலையைக் கண்ட ஒரே ஆய்வாளர் என்ற முறையில் நம் கூற்றை எவரும் மறுக்க இயலாது.)

ஆள்காட்டி விரலால் குவியலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். ஒன்றை எடுத்து ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்துப் போட்டார். இன்னொன்றை எடுத்தார், போடவில்லை. துளையில் வைத்து, திருப்புளியை எதிர்ப்பக்கம் சுற்றினார். இறுக்க வேண்டியதை ஏன் கழற்றுகிறார் என்று நாம் குறிப்பேட்டில் வினாக்குறி இடுவதற்குள் ‘டிக்’ என்று சின்ன ஒலி. பிளாஸ்டிக்கில் முன்பே வெட்டிய பழைய மரையின் வாயில் புதுத் திருகின் நுனி இறங்கிய ஒலி அது. அதன்பின்தான் வலப்பக்கம் திருகினார். ஒலி கேளாமல் திருகுபவர் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டுவார்; சில பேட்டரி மாற்றத்துக்குப் பின் துளையில் வெட்ட ஒன்றும் மிஞ்சாது. திருப்புளியைப் பிடித்தது இரண்டே விரல். அதற்குமேல் விரல் சேர்த்தால் அது பிளாஸ்டிக்கோடு மல்யுத்தம்.

“எப்படி பாய், சாம்பிள் இல்லாமலே எடுத்தீங்க?”

“எந்த மீட்டர் செத்தாலும் ஸ்க்ரூ சாகாது சார். செத்ததுல இருந்து எடுத்துப் போட்டு வெக்கிறேன். உசுரோட இருக்கறதுக்கு ஆகும்.”

காசு எவ்வளவு என்றதற்கு, “ஒரு டீ சொல்லிட்டுப் போங்க” என்றார். திருகு எம்3-ஆ, ஆறாம் நம்பரா, தன்வெட்டியா என்று ஆய்வின் பொருட்டுக் கேட்டோம். “மீட்டர் ஸ்க்ரூ” என்றார்.

7. முடிவுகள்

ஒன்று, உலகம் திருகுகளுக்குத் தரம் வகுத்தது, ஒரு திருகு தொலைந்தால் இன்னொன்று போடலாம் என்பதற்காக. தரங்கள் பெருகியபின் எந்தத் தரம் என்று தெரிந்துகொள்ளத் தொலைந்த திருகே தேவைப்படுகிறது.

இரண்டு, வகைமை அறிந்தவரிடம் திருகு இல்லை. திருகு உள்ளவரிடம் வகைமை இல்லை. இருவரும் ஒரே கருத்தரங்கில் சந்திக்க வாய்ப்பில்லை. பதிவுக் கட்டணம் ஒரு டீயைவிட அதிகம்.

மூன்று, உயிர் போன மீட்டர், ரேடியோ, சார்ஜர் எதையும் திருகோடு பழைய சாமான் கடைக்குப் போடலாகாது. டப்பா ஒன்று வைத்துக்கொள்க. அடுக்கி வைக்க வேண்டாம். அடுக்கினால் ஆய்வு தொடங்கிவிடும்.

நான்கு, இணைத்திருகு இருந்தால் அதைக் கடைப்பையனின் தட்டில் விழ விடலாகாது. கையிலேயே பிடித்துக் காட்டுக.

ஐந்து, முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி, ‘டிக்’ கேட்டபின் இறுக்குக.

‘மேலும் ஆய்வுக்கு இடமுண்டு’ என்று முடிப்பது ஆய்வேட்டு மரபு. இந்தத் துறையில் இருந்த இடம் மொத்தமே மூன்று மில்லிமீட்டர். அதையும் பாய் அடைத்துவிட்டார்.